சிவப்பு வண்டிப் படம்

மைலேஜ், டிக்கி, பின்சீட்டு என்று விற்பனையாளர் மூச்சு விடாமல் அடுக்கினார். பெரியவர் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வண்டி வாங்கியவர்கள் சாவியும் சிரிப்புமாக நிற்கும் படங்கள்.

"ஏர்பேக் இல்லாத மாடல் எழுபதாயிரம் கம்மி சார். சின்னக் குடும்பத்துக்கு அதுவே தாராளம்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

"அடடே, நம்ம பழைய கஸ்டமரா! அப்போ இன்னும் குறைச்சுத் தரேன். என்ன கலர் பார்க்கலாம்?"

"வண்டி வேண்டாம் தம்பி. அந்தச் சிவப்பு வண்டிப் படத்தை மட்டும் கொடுங்க. என் மகனும் மருமகளும் சேர்ந்து எடுத்துக்கிட்ட கடைசிப் படம் அதுதான்."

விற்பனையாளரின் விரல் விலைப்பட்டியலிலேயே நின்றுவிட்டது.

"உங்க மேல தப்பில்லை," என்றார் பெரியவர். "அவன் ஏர்பேக் கேட்டான். எழுபதாயிரம் தண்டம்னு தடுத்தது நான்தான்."