பாய்லர் அறைத் தாழ்ப்பாள்

மேனேஜர் மூன்றாவது தடவையாகக் கதவைத் தள்ளினார். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். சட்டைதான் அழுக்கானது.

“வெளியே பூட்டிட்டான்,” என்றார்.

பர்னருக்கு முன்னால் குந்தியிருந்த மெக்கானிக் திரும்பவில்லை. “யாரு சார்?”

“என் பெண்டாட்டியோட தம்பி. வேற யாரு.”

சலவை ஆலையின் பாய்லர் அறை அது. வருடாந்திரச் சோதனைக்கு மெக்கானிக் வந்திருந்தார். கூட ஒரு பொறுப்பாளர் நிற்க வேண்டும் என்பதால் மேனேஜரும் உள்ளே வந்தார். அப்போது பர்னர் எரியவில்லை. கதவும் ஒரு விரலால் இழுத்ததுமே லேசாகத் திறந்தது.

மேனேஜர் போனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை. முதலாளி பதிலுக்குக் காத்திருப்பார். மச்சினனை இன்றைக்குள் வேலையை விட்டு அனுப்பியாக வேண்டும். “அவன் போகட்டும். இல்லேன்னா ரெண்டு பேரும் போங்க” என்பது முதலாளியின் பேச்சு. “தம்பியை அனுப்பிட்டு எந்த முகத்தோட வீட்டுக்கு வருவீங்க?” என்பது மனைவியின் பேச்சு. ராத்திரி முழுக்க வீட்டில் அதே வாக்குவாதம். அவருக்குக் கொட்டாவி வந்தது.

“உங்க மச்சினன் எதுக்குப் பூட்டணும்?” என்றார் மெக்கானிக்.

“நாளையிலேருந்து வராதேன்னு காலையிலதான் சொன்னேன். அந்தக் கடுப்பு.”

“என்ன தப்பு பண்ணார்?”

“பாய்லரைப் பாத்துக்கடான்னு உட்கார வெச்சா, தாழ்ப்பாளைப் போட்டுட்டுத் தூங்குறான். இதோ, கதவுல இருக்கிற இந்தச் சின்னக் கண்ணாடி வழியா நானே பார்த்தேன். தட்டுறேன், இழுக்குறேன், கதவு அசையல. வாட்ச்மேனைக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள தாழ்ப்பாளை எடுத்துட்டு, திரும்ப நாற்காலியில சாஞ்சுக்கிட்டு நடிக்கிறான்.”

“அப்ப பர்னர் எரிஞ்சுதா?”

“முதல்ல எரிஞ்சுது. அப்புறம் ஆவி ஏறி அதுவா நின்னுது. அதுக்கென்ன?”

“சும்மா கேட்டேன்.”

“கேட்டா தலை பாரமா இருக்காம். உள்ள ஏதாவது இருந்தாதானே பாரமா இருக்கும்.”

அன்றைக்கே உள்தாழ்ப்பாளைக் கழற்ற வைத்தார் மேனேஜர். திருகாணித் துளைகள் மட்டும் கதவில் மிச்சம்.

மெக்கானிக் பர்னரின் காற்றுத் திறப்பை இன்னும் கொஞ்சம் விலக்கினார். புகைபோக்கியில் செருகியிருந்த கருவியைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“காத்து பத்தல சார். முழுசாத் திறந்துட்டேன், அப்படியும் பத்தல. சுடர் மஞ்சளா இழுக்குது.”

“மெஷின் பழசு.”

“மெஷின் நல்லாதான் இருக்கு.”

மேனேஜருக்கு மெஷினில் மனம் இல்லை. கதவுக் கண்ணாடியில் யாரும் தெரியவில்லை, ஓரமாக ஒளிந்திருப்பான். கதவோரம் காதை வைத்தார். மெல்லிய விசில் ஒன்று கேட்டது. மூச்சு வாங்காமல், ஒரே சுருதியில்.

“கேளுங்க. பூட்டினதும் இல்லாம விசில் வேற அடிக்கிறான்.” கதவை அறைந்தார். “டேய், திறடா. அக்கா முகத்துக்காகப் பார்க்கிறேன்.”

விசில் நிற்கவில்லை. வெளியே துணி துவைக்கும் இயந்திரங்களின் இரைச்சல். அதைத் தாண்டி அவர் குரல் போயிருக்காது. அவர் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். நெற்றிப்பொட்டு விண்விண் என்றது. எல்லாம் ராத்திரிச் சண்டையால்.

மெக்கானிக் எழுந்து சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. அது சுவர் இல்லை. சுவரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்த பலகை.

“இதுக்குப் பின்னால ஜன்னல் இருக்கா?”

“இருந்துது. பர்னர் ஃபேன் சத்தம்னு பக்கத்து வீட்டுக்காரங்க ஒரே புகார். நான்தான் அடைக்கச் சொன்னேன். கதவு விளிம்பு முழுக்க ரப்பரும் ஒட்டச் சொன்னேன். அதுக்கு முதலாளி பாராட்டினார்.”

மெக்கானிக்கின் இடுப்பில் இருந்த சிறு பெட்டி அப்போது அலற ஆரம்பித்தது. அவர் ஒரே தாவலில் போய் கேஸ் வால்வை மூடினார். சுடர் அணைந்தது. ஃபேன் இறங்கி இறங்கி நின்றது. விசிலும் அதோடு மெலிந்து நின்றது.

மேனேஜரின் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்துகொண்டது. அவர் தடுமாறி வெளியே போய் விழுந்தார்.

“எங்கடா அவன்?”

அங்கே யாரும் இல்லை. கதவின் வெளிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தார். கண்ணாடியைத் தவிர வெறும் இரும்புத் தகடு. தாழ்ப்பாளும் இல்லை, முட்டுக்கட்டையும் இல்லை.

மெக்கானிக் இருமிக்கொண்டே வந்து அவரைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தார். “யாரும் பூட்டல சார். ஃபேனுக்குக் காத்து வேணும். ஜன்னலை அடைச்சுட்டீங்க. அது கதவை உள்பக்கமா இழுத்துப் பிடிச்சுக்குது. பர்னர் நின்னா விட்டுடும்.”

“அப்ப விசில்?”

“இடுக்குல போற காத்து.”

மேனேஜர் மெக்கானிக்கின் இடுப்பைக் காட்டினார். “அது எதுக்குக் கத்துச்சு?”

“காத்து இல்லாம எரிஞ்சா விஷவாயு வரும் சார். இன்னைக்கு நேத்து வந்ததா இருக்காது, அடைச்ச நாளா வந்திருக்கும். வாசனையே தெரியாது. முதல்ல தலை பாரமா இருக்கும். அப்புறம்…”

கூடத்தின் மறுகோடியிலிருந்து மச்சினன் ஈரத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். காலையில் வாங்கிய திட்டு முகத்தில் அப்படியே இருந்தது. தரையில் கிடந்தவரைப் பார்த்ததும் வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்தான்.

மேனேஜருக்கு இமைகள் தாமாக மூடின. திறக்கப் பார்த்தார். முடியவில்லை.

மச்சினன் குனிந்து அவர் தோளைத் தொட்டான்.

“தூக்கம் வருதா, அத்தான்?”