கையை நீட்டினால் வராத தண்ணீர்

பூங்காவின் புதுத் தண்ணீர் நிலையம் மதிய வெயிலில் பளபளவென்று நிற்கிறது. அதை வரைந்து கொடுத்த பொறியாளர் பெண், எதிர் பெஞ்சில் உட்கார்ந்து கண்குளிரப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். புல் வெட்டுகிறவர் வருகிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. இரண்டு கைகளையும் குவித்துக் குழாய்க்குக் கீழே நீட்டுகிறார். தண்ணீர் வரவில்லை. கையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, ஏதோ தப்புச் செய்தவர்போல மறுபடி நீட்டுகிறார். அடித்தட்டில் பாட்டில் உட்கார்ந்தால்தான் சென்சார் குழாயைத் திறக்கும். கைகால் கழுவி இடத்தை நாறடித்துவிடுவார்கள், பாட்டிலுக்கு மட்டும்தான் வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். பழைய குழாயைப் பிடுங்கச் சொன்னதும் அவள்தான். மடியிலுள்ள பைக்குள் அவளுடைய பாட்டில் நிறைந்து கனக்கிறது. எழுந்துபோய்க் கொடுக்கலாம். கால் வரமாட்டேன் என்கிறது. அவர் குழாய்க்கு மேலே ஒட்டியிருக்கும் பாட்டில் படத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். பிறகு குப்பைத்தொட்டிக்குள் கைவிட்டு, நசுங்கிய பாட்டில் ஒன்றை எடுத்து, ஊதி நிமிர்த்தித் தட்டில் வைக்கிறார். தண்ணீர் சளசளவென்று இறங்குகிறது. இரண்டு தடவை அலசிக் கொட்டிவிட்டு, அண்ணாந்து மடமடவென்று குடிக்கிறார். தொண்டை ஏறி இறங்குவது பெஞ்சிலிருந்தே தெரிகிறது. திரும்பும்போது அவள் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனிக்கிறார். அந்தப் பார்வையைத் தாகம் என்று எடுத்துக்கொண்டு, பாட்டிலை மறுபடி நிரப்பி எடுத்துவந்து நீட்டுகிறார்.

"பாட்டில் கொண்டு வரலையாம்மா? அதுல கையை நீட்டினா வராது. இதைக் குடிங்க, நல்லா அலசிட்டேன்."

அவள் பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்கிறாள்.