அரையடித் தண்ணீர்

இன்றைக்கும் குதிரை தண்ணீரில் கால் வைக்கவில்லை. தோட்டத்தில் வெட்டியிருந்த தண்ணீர்ப் பள்ளத்தின் விளிம்புவரை சமர்த்தாக நடந்து வந்தது. அங்கே வந்ததும் நின்றுவிட்டது.

“இன்னும் பயம் தெளியல, சார்” என்றான் பயிற்சி கொடுக்க வந்திருந்த மெர்வின், கயிற்றைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி.

தாணுமாலையன் குதிரையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். இந்த வாரத்துக்குள் தண்ணீர்ப் பயம் போகாவிட்டால் குதிரையைக் கோயம்புத்தூருக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது மஸ்கட்டில் இருக்கும் மகள் விஜயஸ்ரீயின் உத்தரவு. வாங்கி அனுப்பி, கூடவே மெர்வினையும் ஏற்பாடு செய்தவள் அவள்தான்.

தனிக்கட்டைக்கு எதற்குக் குதிரை என்று சேரன்மகாதேவி ஊரே சிரித்தது. அவரும்தான் சிரித்தார். லாரியிலிருந்து இறங்கிய அந்தப் பெட்டைக் குதிரை, வாசலில் தேங்கிக் கிடந்த மழைத் தண்ணீரைச் சளக் சளக்கென்று மிதித்துக்கொண்டு நேரே உள்ளே வந்து, அந்தத் தண்ணீரில் கால் படாமல் சுவரோரமாகச் சுற்றி வந்த அவருடைய தோளை மோந்து பார்த்தது. அன்றோடு சிரிப்பு போய்விட்டது.

செவலை என்று பேர் வைத்தார். காலையில் எழுந்ததும் அவர் வாய் திறந்து பேசுவது அதனிடம்தான். அது போய்விட்டால் மறுபடியும் சுவரோடு பேச வேண்டியதுதான்.

ஆறு கொல்லைக் கதவுக்குப் பின்னாலேயே ஓடியது. அங்கே பழக்காமல் தோட்டத்தில் பள்ளம் எதற்கு என்று ஊரில் யாரும் அவரிடம் கேட்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அந்தப் படித்துறையில்தான் அவர் மனைவி கோமு, அவர் பிடித்திருந்த கையிலிருந்து நழுவி வெள்ளத்தோடு போனாள். அன்று பூட்டிய கதவு. கோமுவின் திதிக்குக்கூட அவர் ஆற்றில் இறங்கவில்லை. மகளுக்கு அதில் தீராத வருத்தம்.

பள்ளத்தை மட்டும் பார்த்துப் பார்த்துக் கட்டினார். ஆழம் அரையடிதான். இரண்டு பக்கமும் சரிவு. அடியில் சல்லி போட்டு இறுக்கி, மேலே மணல். டைல்ஸ் ஒட்டினால் பளிச்சென்று இருக்கும் என்ற கொத்தனாரை, “வழுக்கிச்சுன்னா நீரு வந்து பிடிப்பீரா வே?” என்று ஒரு பிடி பிடித்தார். விளிம்பில் செங்கல் முனை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“ஒரு வழிதான் இருக்கு, சார்” என்றான் மெர்வின். “அது நம்புத ஆளு முன்னால இறங்கணும். அப்பதான் பின்னால வரும்.”

“நீரு இறங்கும்.”

“என்னய நம்பாது. உங்களத்தான் நம்புது.”

கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு விலகி நின்றான். தாணுமாலையன் தண்ணீரைப் பார்த்தார். அடிமணல் தெளிவாகத் தெரிந்தது. இருந்தும் ஓரடி பின்னுக்கு வந்தார். செவலையின் மூச்சு பிடரியில் சுட்டது. லாரி வந்து அதை ஏற்றிக்கொண்டு போவதையும், அதற்குப் பிறகு வரும் காலை நேரத்தையும் நினைத்துப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

“பைய வா, தாயி. நான் பிடிச்சிருக்கேம்லா” என்றார். யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

ஒரு காலை வைத்தார். பிறகு இன்னொரு காலை. கணுக்கால்வரை குளிர்ந்தது. பின்னாலேயே செவலை எந்தத் தயக்கமும் இல்லாமல் இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றது. நடுத் தண்ணீரில் நின்றபடி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இரண்டு வருஷமாக அழாததையெல்லாம் அழுதார்.

மெர்வின் தென்னை மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி மஸ்கட்டுக்குப் போன் போட்டான். எடுத்த விஜயஸ்ரீ குதிரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

“அக்கா, அப்பா இறங்கிட்டாவ.”