தம்பி உள்ளே இருக்கும்போது

விளக்கு அணைத்த அறையில் திரை மட்டும் குளத்து நிலவுபோல் மங்கலாகத் தெரிந்தது. அந்த அம்மாவின் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்தேன். பித்தக்குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருந்தது. சாதாரணச் சுருக்கம் என்றால் குழாய் மெல்ல மெல்ல ஒடுங்கும். புற்றுநோய் என்றால் பெரும்பாலும் கத்தரித்தாற்போல் சட்டென்று முடியும். இது மெல்லத்தான் ஒடுங்கியது.

துணைக்கு வந்திருந்த அந்த அம்மாவின் தம்பிக்கு போன் வந்தது. வெளியே போனார். திரையில் குழாய் சட்டென்று முடிந்தது. அவர் திரும்பி வந்ததும் மறுபடி மெல்ல ஒடுங்கியது. நான் கையை அசைக்கவே இல்லை.

தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவரை இன்னொரு முறை அனுப்பிப் பார்த்தேன். அதேதான்.

“சதை எடுத்துப் பார்த்தாத்தான் உறுதியாத் தெரியும்,” என்றேன். “அதுவரைக்கும் அக்கா கூடவே இருங்க.”

அவர் சிரித்தார். “நல்லா சொன்னீங்க டாக்டர். எங்களுக்குள்ள பேச்சு நின்னே பத்து வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரின்னதும்தான் கூப்பிட்டா.”

“அவன் கிளம்பட்டும் டாக்டர்,” என்றார் அக்கா, கண்ணை மூடியபடி. “இருந்தா தொணதொணன்னு உயிரை வாங்குவான்.”

தம்பி பையை எடுத்துக்கொண்டு கதவின் கைப்பிடியில் கை வைத்தார். கருவி இன்னும் அவர் அக்காவின் வயிற்றில்தான் இருந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.