தளம் போடும் வரிசை

புயல்காற்று கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போன நாள்முதல் மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை, மேல்தொட்டியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. கடைசி மாடியில் கொத்தனாரின் மகள் பச்சைக்குழந்தையோடு காலி அண்டாவின் அருகே நிற்கிறாள். கிணற்றடியிலிருந்து அவள் வாசல்வரை, கான்கிரீட் தளம் போட ஆள் நிறுத்துவதுபோல், குடியிருப்பையே படிக்கட்டில் நிறுத்திவிட்டு மேல்படியில் நிற்கிறார் கொத்தனார். நிறைந்த வாளி சுவரோரமாக ஏறுகிறது, வெறும் வாளி கைப்பிடியோரமாக இறங்குகிறது. "கையால தூக்காதீங்க, இடுப்பைத் திருப்புங்க," என்கிறார். "எனக்கு இடுப்பு எங்க இருக்குன்னே தேடணும் அண்ணே," என்கிறார் பருத்த தையல்காரர். இருட்டுப் படிகளில் சிரிப்பு ஏறுகிறது, வாளி தளும்பவில்லை. மகள் எட்டிப்பார்க்கிறாள். "போதும்ப்பா, அண்டா நிறைஞ்சிடுச்சு." கொத்தனார் அடுத்த வாளியைக் கைநீட்டி வாங்குகிறார். "தளத்தைப் பாதியில நிறுத்தினா விரிசல் விடும்மா. எதிர்வீட்டு அண்டாவை எடுத்து வை."