ஜோடி பேட்டரி

"எங்கண்ணே இன்னிக்கு ஊருக்குப் போறாரு பாய். அதுக்குள்ள இது புகை விடணும்" என்று வீரபாண்டி பேட்டரியில் புகை விடும் ஒரு வேப் சிகரெட்டைக் கண்ணாடி மேசை மேல் வைத்தான்.

துபாய் தேராவில் வேப் கடை வைத்திருக்கும் கீழக்கரை சாகிருக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணன் ஊருக்குப் போறாரு, அலங்காரம் இதுக்கா?" என்று சிரித்தபடி மூடியைத் திறந்தார். வீரபாண்டி சிரிக்கவில்லை. கட்டட சைட் தூசி படிந்த நீலச் சட்டையோடு நின்றான், கண் இரண்டும் சிவந்திருந்தன.

இரண்டு பேட்டரி போடுகிற பெரிய வேப் அது. உள்ளே ஒன்று பச்சை, மற்றது ஊதா. சாகிர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது என்ன தம்பி, காலுக்கொரு செருப்ப மாட்டின மாதிரி?"

"பச்சை இதோடவே வந்தது பாய். இன்னொண்ணு வீணாப் போச்சுன்னு, ரூம்ல கெடந்த டார்ச்லருந்து கழட்டிப் போட்டுக்கிட்டாரு."

"நம்ம ஆளுக பூரா இதத்தான் செய்றீங்க! தளர்ந்து போனது அடிமட்டத்துக்கு இறங்குனாலும் மத்தது விடாம இழுக்கும். சூடாகும், வெடிக்கும். ரெண்டையும் ஒரே நாள்ல வாங்கணும், ஒண்ணாவே போடணும், ஒண்ணாவே சார்ஜ் ஏத்தணும். ஒண்ணு போயிடுச்சுன்னா மத்தத வேற எதோடயும் சேர்க்கக் கூடாது."

வீரபாண்டி அந்தப் பச்சை பேட்டரியையே பார்த்தான்.

"நாங்களும் ஒரே நாள்லதான் பாய் வந்தோம். ஒரே கம்பெனி, ஒரே ரூம். மேல் கட்டில் நான், கீழ் கட்டில் அவரு."

"அப்ப அண்ணன் போயிட்டா ரூம் வெறிச்சுனு ஆயிடும்."

"ஆயிடுச்சு பாய்."

பழைய இரண்டின் முனைகளிலும் டேப் ஒட்டித் தகர டப்பாவில் போட்டார் சாகிர். புதிய ஜோடி ஒன்றைப் பிரித்து மீட்டரில் வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் ஒரே அளவு காட்டியது. மேல் உறை எங்கும் கிழியவில்லையா என்று விரலால் உருட்டியும் பார்த்துக்கொண்டார்.

"கட்டில் மேல வச்சு சார்ஜ் போட்டுட்டுத் தூங்கக் கூடாதுன்னு அண்ணன்ட்ட சொல்லுங்க. அவரே வந்திருந்தா நானே சொல்லியிருப்பேன்."

"போன மாசம் பூரா சொல்லிக்கிட்டே இருந்தாரு பாய், கடையில காட்டுடா, காட்டுடான்னு. லீவு வரட்டும்ணே, லீவு வரட்டும்ணேன்னு நாந்தான் இழுத்தடிச்சேன்."

"அதனால என்ன? கெளம்புறதுக்குள்ள கொண்டாந்துட்டீங்கள்ல."

ஆறுதலாகத்தான் சொன்னார். வீரபாண்டிக்கு அது நெஞ்சில் போய்க் குத்தியது. இந்த ஒரு சின்ன வேலையைக்கூட அண்ணனுக்குச் செய்து கொடுக்கவில்லையே என்று நேற்று முழுவதும் அழுதிருந்தான். இப்போதாவது இது ஓட வேண்டும், அண்ணனோடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

சாகிர் பேட்டரிகளைப் போட்டுப் பொத்தானை அமுக்கினார். விளக்கு எரிந்தது, வெள்ளைப் புகை வந்தது. அது மேலே போய்க் கலைகிற வரை வீரபாண்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

"அண்ணன் லீவுல போறாரா, கேன்சல் பண்ணிட்டு ஒரேயடியாப் போறாரா?"

"பாஸ்போர்ட்டயே கேன்சல் பண்ணிட்டாங்க பாய். கான்சுலேட் பேப்பர் இன்னிக்குத்தான் கெடச்சுது."

"விசாவத்தான் தம்பி கேன்சல் பண்ணுவாங்க, பாஸ்போர்ட்ட இல்ல" என்று திருத்தினார் சாகிர். அரபு நாட்டுக் கணக்கு வழக்கெல்லாம் தனக்கு அத்துப்படி என்கிற நினைப்பு அவருக்கு. "நீங்க கூடப் போகலையா?"

"லீவு கேட்டேன். மாஃபி, கெடையாதுன்னுட்டாங்க. தனியாத்தான் போறாரு."

"சரி, இத எங்க வச்சுக்குவாரு?"

"சட்டைப் பையில."

"பையில சாவி, சில்லறை கெடக்குமா? பேட்டரி அதுல உரசுனா தீப்பிடிச்சுக்கும்."

"ஒண்ணும் கெடக்காது பாய். புதுச் சட்டை. நாந்தான் எடுத்தேன்."

"குடுத்து வச்ச அண்ணன்!" என்றார் சாகிர். மனதார அப்படித்தான் நினைத்தார். பேட்டரி இரண்டையும் கழற்றிச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடி, வேப்போடு சேர்த்து அவன் கையில் கொடுத்தார்.

வீரபாண்டி கும்பிட்டுவிட்டுக் கதவு வரை போய்விட்டான். சாகிருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"தம்பி, முக்கியமானத மறந்துட்டேன். இத கார்கோல மட்டும் போட்றாதீங்க. விடமாட்டான், எடுத்து வெளிய போட்டுடுவான். ப்ளேன்ல மேல, ஆளு கையிலதான் இருக்கணும்."

வீரபாண்டி திரும்பி வந்தான். டப்பாவை மெதுவாக மேசை மேல் வைத்தான். அவன் விரல்கள் அதை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தன.

"அப்ப இது போகாதா பாய்?"

"ஏன் போகாது? அண்ணன் கையில குடுத்து விடுங்க, தானாப் போகும்."

அவன் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"எங்கண்ணனே பொட்டிக்குள்ள, கார்கோலதான் பாய் போறாரு."