அல்வாவுக்குத் தேவையான உயரம்

பந்தி வாசலில் உடல் நிறைக் குறியீடு பார்க்க ஆரம்பித்த பிறகும் சிதம்பரதாணு எந்தக் கல்யாணத்திலும் அல்வாவைத் தவறவிட்டதில்லை. குறியீடு இருபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு இனிப்பு கிடையாது. ஆனால் வாசல் எடையை மட்டும்தான் பார்க்கும். உயரத்தை அடையாள அட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளும். அட்டையிலோ, பெண் பார்க்கப் போன அன்று அவர் வாய் கூசாமல் சொன்ன நூற்று எழுபது சென்டிமீட்டர். எழுபது கிலோவும் அந்த உயரத்துக்குள் அடக்கமாக ஒளிந்துகொண்டது.

மச்சினன் மகள் கல்யாணத்தில் வைத்திருந்தது புது வாசல். அது உயரத்தையும் தானே அளக்கும் என்று தெரிந்ததும் சிதம்பரதாணு நைசாகக் குதிகாலைத் தூக்கினார்.

“உயரம் நூற்று அறுபத்து நான்கு. குறியீடு இருபத்தாறு. இனிப்பு இல்லை,” என்று மண்டபமே கேட்கும்படி அறிவித்தது வாசல்.

அல்வா போனால் போகட்டும். பின்னால் மனைவி ஆவுடையம்மாள் அல்லவா நிற்கிறாள்!

“மிஷின்ல ஏதோ கோளாறு,” என்றார்.

“எக்குனது போதும், எறங்குங்க,” என்றாள் அவள். “பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே தெரியும். முப்பது வருசமா நான் ஏன் ஹீல்ஸ் செருப்பே போடலைன்னு நெனச்சீங்க?”

சிதம்பரதாணு குதிகாலை மெல்லத் தரையில் வைத்தார்.

“திருத்தம். நூற்று அறுபத்திரண்டு,” என்றது வாசல்.